டொயோட்டா 22ஆர் எஞ்சின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொயோட்டா நிறுவனம் 1953-இல் 1453 சி.சி. கொள்ளளவுடன் தொடங்கிய ஆர் வரிசை நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள், கார்களையும் சிறு லாரிகளையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இழுத்தன. அவற்றுள் இன்றும் அதிகம் பேசப்படுவது 1981-இல் வந்த 22ஆர். 2366 சி.சி. கொள்ளளவும் வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டும் கொண்ட இந்த எஞ்சின், செலிகா கார்களிலும் ஹைலக்ஸ் பிக்கப்களிலும் 4ரன்னர் வண்டிகளிலும் பொருத்தப்பட்டது. அமெரிக்கச் சந்தையில் 1995 வரை நீடித்தது. எதையும் தாங்கும் எஞ்சின் என்று இதற்குப் பெயர் உண்டு, அந்தப் பெயர் பொய்யுமில்லை. ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடப்படும் பராமரிப்பும், சரியாகப் பார்க்காமல் செய்யப்படும் பழுதுபார்ப்பும் நல்ல நிலையில் இருந்த பல எஞ்சின்களைக் கெடுத்திருக்கின்றன.

முதல் தவறு உதிரிபாகக் கடையிலேயே நடக்கிறது. 22ஆர் என்ற பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்பது போதாது, ஏனெனில் அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின்கள் இருக்கின்றன. கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம் தண்டுக்குக் கடத்தும் டைமிங் செயின், இதற்கு முந்தைய 20ஆர் எஞ்சினிலும் 1982 வரையிலான 22ஆர் எஞ்சினிலும் இரட்டை வரிசையாக இருந்தது. 1983 மாடலிலிருந்து அது ஒற்றை வரிசையாயிற்று. 1985 மாடலில் பிளாக்கின் உயரமே குறைக்கப்பட்டு, ஹெட்டும் பிஸ்டனும் மாற்றி அமைக்கப்பட்டன. எனவே டைமிங் செட் வாங்கும்போது 1982 வரை, 1983–84, 1985-க்குப் பின் என்ற மூன்று பிரிவுகளில் நம் எஞ்சின் எதில் சேரும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டு இதற்குச் சான்றாகாது. இவ்வளவு பழைய வண்டியில் எஞ்சின் ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால், பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்ப்பதே நம்பகமானது. 22ஆர்-டிஇ என்ற டர்போ வகையைப் பற்றி ஒரு வார்த்தை: அதன் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவு) 7.5, டர்போ இல்லாத சாதாரண 22ஆர்-இ எஞ்சினில் அது 9-க்கு மேல். ஒன்றின் பிஸ்டனை மற்றொன்றில் போடுவது பணத்தையும் எஞ்சினையும் சேர்த்து இழக்கும் வழி.

இரண்டாவது, இந்த எஞ்சினின் உண்மையான பலவீனமான டைமிங் செயினைப் பற்றியது. ஒற்றை வரிசைச் செயின் வந்தபோது அதை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் கைடுகளும் பிளாஸ்டிக்காயின. ஆண்டுகள் செல்லச் செல்ல, எண்ணெயிலும் வெப்பத்திலும் கிடந்த பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையை அடைகிறது. பொதுவாக முதலில் உடைவது வண்டியின் இடப்பக்கக் கைடு, அதாவது அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் பக்கம் இருப்பது. அது போனபின் செயின் தன் பாதையிலிருந்து விலகி, செயினை மூடியிருக்கும் அலுமினிய டைமிங் கவரின் உட்சுவரை அறுக்கத் தொடங்குகிறது. அந்தச் சுவருக்கு மறுபக்கத்தில்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் பாதை உள்ளது. சுவர் துளைபட்டதும் கூலன்ட் நேராக எண்ணெயில் கலக்கிறது.

இங்கேதான் மெக்கானிக்குகள் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியதைக் கண்டதும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவு கட்டி, ஹெட்டைக் கழற்றி, புதிய கேஸ்கட் வைத்து, துளைபட்ட அதே கவருடன் எஞ்சினை மூடிவிடுகிறார்கள். சில நாட்களில் எண்ணெய் மீண்டும் வெளுக்கிறது. உண்மையை அறிய அதிக வேலை தேவையில்லை. வால்வு கவரைத் திறந்து, செயினுக்கும் முன்பக்கச் சுவருக்கும் இடையே டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால் போதும். கைடின் கருப்பு விளிம்பு முழுதாகத் தெரிய வேண்டும். அது உடைந்தோ காணாமலோ இருந்து, சுவரில் புதிதாகச் சீவியது போன்ற பளபளப்பான வரிக் கோடுகள் தெரிந்தால், கவரையும் சேர்த்தே மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டது என்று பொருள்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் முன்பக்கம் ஓரிரு வினாடி கடகடவென்று சத்தம் வந்து அடங்குவது இதற்கு முந்தைய எச்சரிக்கை. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதால், அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்வாக ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் கைடை உடைக்கிறது. சத்தம் நாளுக்கு நாள் நீண்டால் ஒத்திப்போடக் கூடாது. செயினை மாற்றும்போது ஆயில் பானைக் கழற்றாமல் வேலையை முடிப்பதும் தவறே. உடைந்த பிளாஸ்டிக் துண்டுகள் பானுக்குள் விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்துவிடும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பானைக் கழற்ற முன் டிஃபரன்ஷியலை இறக்க வேண்டியிருப்பதால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும், கைடு உடைந்திருந்தால் அந்த உழைப்பைச் செலவிட்டே ஆக வேண்டும். புதிய செட் வாங்கும்போது இரும்புப் பட்டை பதித்த கைடு கிடைத்தால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இந்தச் செயின் சத்தத்தை டேப்பட் சத்தம் என்று எண்ணி, வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் (டேப்பட்) இடையிலுள்ள வால்வு இடைவெளியை இறுக்குபவர்களும் உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக் வால்வுக்கு 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மி.மீ. என்பதே அளவு. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை, மூடி வால்வு சீட்டில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி குறைந்தால் அது சரியாக அமராமல் எரிந்துபோகும். இந்த எஞ்சினில் டேப்பட்கள் லேசாகத் தட்டிக்கொண்டிருப்பது ஆரோக்கியத்தின் அடையாளம். முழு அமைதி கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு போல்ட்டை நினைவில் வைக்க வேண்டும். ஹெட்டின் முன்முனையில், கேம் தண்டின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கியரையும் கழற்றியபின், தேங்கிக் கிடக்கும் எண்ணெய்க்கு அடியில், ஹெட்டை டைமிங் கவருடன் இணைக்கும் போல்ட் ஒன்று இருக்கிறது. பெரிய ஹெட் போல்ட்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, ஹெட் ஏன் வரவில்லை என்று கம்பியால் நெம்புபவர்கள் டைமிங் கவரை விரிசல்விடச் செய்கிறார்கள். அந்த எண்ணெயை முதலில் துணியால் ஒற்றி எடுத்தால் போல்ட்டும் தெரியும், எண்ணெய் சிலிண்டருக்குள் வழிவதும் தவிரும். எஞ்சின் ஒருமுறை கொதித்திருந்தால், அலுமினிய ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துச் சோதிக்காமல் புதிய கேஸ்கட்டைப் போடக் கூடாது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கமும் அலுமினிய ஹெட்டையும் டைமிங் கவரையும் உள்ளிருந்து அரிக்கும்.

எரிபொருள் ஊசி முறை கொண்ட 22ஆர்-இ எஞ்சினில் மேலும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஸ்பார்க் பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கை, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 5 டிகிரி முன்னதாக அமைக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. ஆனால் சோதனை கனெக்டரில் டி, இ1 என்ற இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்த பின்னரே அந்த அளவு பொருந்தும். இணைக்காவிட்டால் கணினி தானாகவே டைமிங்கை முன்னே தள்ளியிருக்கும். அதையே 5 டிகிரிக்கு இழுத்து வைத்தால் எஞ்சின் மந்தமாகி, பெட்ரோலை அதிகம் குடிக்கும்.

மற்றொன்று காற்றளவி பற்றியது. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள இந்தக் கருவியின் மடல், உள்ளே போகும் காற்றை அளக்கிறது. அதற்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயில் மடிப்புக்குள் விரிசல் விழுந்தால், அளக்கப்படாத காற்று நுழைந்து ஐடிலிங் தடுமாறுகிறது. பலர் குழாயைப் பார்க்காமல் ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். எரிபொருள் பம்பு தொடர்ந்து ஓடுவதற்கான சுவிட்சும் அந்த மடலோடுதான் இணைந்திருக்கிறது. ஆகவே எஞ்சின் பிடித்த உடனே நின்றுவிடும் வண்டியில், பம்பை மாற்றுவதற்கு முன் மடலை விரலால் தள்ளி, இக்னிஷன் சாவி திறந்த நிலையில் பம்பின் ஓசை கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும்.