வெல்டிங் மெஷினின் ‘எர்த்’ கிளிப்பை எங்கே கொழுவுவது?

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கேட் செய்யப் போய், முற்றத்தில் மெஷினை வைத்து முதல் ரொட்டை (ஒட்டும்போது உருகும் கம்பியை) இரும்பில் தட்டியதுமே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து “என்ன மனே, எங்கட ரீவி கோடு கோடாப் போகுது” என்று ஒரு ஆச்சியின் சத்தம் வந்தது. நான் அதைக் கணக்கெடுக்கவில்லை. பிறகு ஒரு மாரி நாளில் ஈர மண்ணில் முழங்கால் ஊன்றி ரொட் மாற்றும்போது கையிலிருந்து தோள்வரை ஒரு இழுப்பு இழுத்தது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டையும் விளங்கிக்கொள்ளப் போனால், கரண்ட் எந்த வழியால் போய் எந்த வழியால் திரும்புகிறது என்பதில்தான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. அதில் முதலில் பார்க்கவேண்டியது: ‘எர்த்’ கிளிப்பை எங்கே கொழுவுகிறோம், ரொட்டைப் பிடிக்கும் ஹோல்டரின் வயரையும் கிளிப்பின் வயரையும் எப்படிப் போடுகிறோம்.

முதலில் அந்தப் பெயரே பிழை. அது எர்த் இல்லை, திரும்பி வரும் வழி. ஹோல்டரால் போகும் 100 அம்பியர் அத்தனையும் அந்த வயரால்தான் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். ‘எர்த்’ என்று சொல்லிப் பழகியதால்தான், கொன்கிறீற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியிலும் தண்ணீர்க் குழாயிலும் கூரைச் சட்டத்தின் அடுத்த மூலையிலும் கொழுவிவிட்டு ‘சரி, எர்த் கிடைக்குது’ என்று வேலையைத் தொடங்குகிறோம். கரண்ட் எப்படியும் வழி கண்டுபிடித்துத் திரும்பி வரும், அதுதான் ஆபத்து. வீட்டு வயரிங்கின் உண்மையான எர்த் வயருக்குள் அது புகுந்தால், அந்த மெல்லிய வயர் 100 அம்பியரைத் தாங்காமல் உள்ளுக்குள்ளேயே எரிந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் பிரிட்ஜில் கரண்ட் கசிந்தால் அதைத் தடுக்க எர்த் இருக்காது. ஆகவே கிளிப்பை நீங்கள் ஒட்டும் இரும்பிலேயே, ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ரும் கறளும் சுரண்டிய இடத்தில் கொழுவுங்கள். வாவிக் காற்றில் எல்லாம் கறள் பிடிக்கும் ஊர் நமது, கிளிப்பின் பல்லையும் மாதத்துக்கு ஒருமுறை அரத்தால் உரசிவிட வேண்டும்.

இனி ரீவி விஷயம். ஹோல்டர் வயர் ஒரு பக்கத்தாலும் கிளிப் வயர் மறுபக்கத்தாலும் முற்றத்தைச் சுற்றிப் போனால், நீங்கள் தெரியாமலே ஒரு பெரிய வளைய அன்ரெனா கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, தரையோடு தரையாக, முடிந்தால் முறுக்கி ரேப் சுற்றிக் கொண்டுபோனால், ஒன்றில் போகும் கரண்டும் மற்றதில் வரும் கரண்டும் எதிரெதிர்த் திசை என்பதால் வெளியே பரவும் காந்தப்புலம் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கடைசி ஒரு மீற்றரில் மட்டும் பிரித்தால் போதும். வயர் நீளமும் தேவைக்கு மட்டும். 20 மீற்றர் வயரைச் சுருட்டி மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு 3 மீற்றர் தூரத்தில் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், இதுக்கு ஐந்து சதமும் செலவில்லை.

அப்படியும் இரைச்சல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பற்றரியில் வேலை செய்யும் பழைய சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் கிடந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள். மீடியம் வேவில் நிலையம் ஒன்றும் இல்லாத இடத்தில் வைத்து, மெஷினை ஓன் பண்ணுங்கள், ரொட்டைத் தட்டவேண்டாம். அப்போதே இரைந்தால் குற்றம் மெஷினுக்குள். இன்வேர்ட்டர் மெஷின் என்பது 230 வோல்ட்டை எடுத்து ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கிறது, அந்த வெட்டின் குப்பை மெயின் வயர் வழியாகவும் வெளியே வரும். தட்டிய பிறகு மட்டும் இரைந்தால் நெருப்பும் நீங்கள் போட்ட வயரும்தான் காரணம். இரைச்சல் இல்லாமல் லைட் மட்டும் மங்கி மங்கி எரிந்தால் அது வேறு கதை, லைனில் வோல்ட்டேஜ் இறங்குகிறது, அதற்கு இரைச்சலை வடிக்கும் எந்தப் பில்ட்டரும் உதவாது, அம்பியரைக் குறைக்க வேண்டும், அல்லது மெஷினுக்கு மெயின் போர்ட்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும்.

மெயின் வயரால் வரும் குப்பைக்கு, அந்த வயரை (மூன்று கம்பியையும் சேர்த்தே) ஒரு பெரிய பெரைட் வளையத்துக்குள் (இரைச்சலை அடக்கும் கறுப்புக் காந்தப்பொருள் வளையம்) நாலைந்து சுற்றுச் சுற்றிப் பாருங்கள், ஓரளவு அடங்கும். பில்ட்டர் பெட்டி பூட்டினால் அது மெஷின் இழுக்கும் அம்பியரைத் தாங்குவதாக இருக்க வேண்டும். இன்னொன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள். பில்ட்டர் உள்ள மெஷினுக்கு மூன்றாவது பின்னின் எர்த் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் கெப்பாசிற்றர்கள் மெஷினின் உடம்பையே கிட்டத்தட்ட 115 வோல்ட்டுக்குத் தூக்கிவிடும். ‘மெஷினைத் தொட்டால் சுள் என்குது’ என்று சொல்வதில் பாதி இதுதான். இரண்டு பின் பிளக்கை வெட்டிப் பூட்டி ஓட்டுவதை இன்றோடு விடுங்கள்.

மெஷினின் பின்தகட்டிலோ கையேட்டிலோ ‘ஏ வகுப்பு’ (Class A) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் உரியது, வீடுகளுக்குப் போகும் அதே பொது லைனில் பாவித்தால் பக்கத்தில் இடைஞ்சல் வரலாம் என்பதைச் செய்தவனே சொல்லிவிட்டான். மலிவு மெஷின் சிலதில் ஒன்றுமே எழுதியிருக்காது.

ஆர்கன் வெல்டிங் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடாமலே பொறி பாய்கிற ஹை பிரீக்குவென்சி ஸ்டார்ட்தான் எல்லாவற்றிலும் மோசமான சத்தக்காரன், ஆயிரக்கணக்கான வோல்ட்டில் பாயும் அந்தப் பொறி ரேடியோ, ரீவி, போன், பக்கத்துக் கடையின் டிஜிட்டல் தராசு என்று எதையும் குழப்பும். ஸ்டெயின்லெஸ் கைப்பிடி வேலைக்கு, தொட்டுத் தூக்கும் லிப்ட் ஸ்டார்ட்டே தாராளம்.

வீட்டுக்குள் வேலை தொடங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, கேட்க வெட்கப்படாதீர்கள்: “ஐயா, வீட்டில ஆருக்கும் நெஞ்சில மெஷின் வைச்சிருக்கா?” பேஸ்மேக்கர் உள்ளவரை அந்த இடத்திலிருந்து தள்ளி இருக்கச் சொல்லுங்கள். வெல்டிங் அடிக்கிறவருக்கே அது இருந்தால் முதலில் இதய டொக்டரிடம் போய்க் கேட்க வேண்டும். பொதுவாக நெருப்பும் வயரும் நெஞ்சிலிருந்து குறைந்தது 60 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள். பேஸ்மேக்கர் இல்லாதவர்களும் வயரைத் தோளில் சுற்றிக்கொள்ளாதீர்கள், இரண்டு வயருக்கும் நடுவில் உட்காராதீர்கள்.

அம்பாறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் வயலுக்குள்ளேயே நெல் வெட்டும் மெஷினை ஒட்டச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பற்றரியின் மைனஸைக் கழற்றி, பிறகு பிளஸையும் கழற்றி, கம்பியூட்டர் பெட்டி இருந்தால் அதன் பிளக்கையும், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்டனேற்றரின் வயரையும் கழற்றிவிட்டுத்தான் தட்ட வேண்டும். கிளிப்புக்கும் ஒட்டும் இடத்துக்கும் நடுவில் பெயாரிங் வரவே கூடாது. உருளையில் சின்னச் சின்னப் பொட்டுகள் விழுந்து, இரண்டு வாரத்தில் கத்தத் தொடங்கும்.

கரண்ட் அடிப்பதைப் பற்றி: ரொட் தொடாமல் சும்மா நிற்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். காய்ந்த கைக்கு அது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம், ஆனால் நம் ஊர் வியர்வையில் நனைந்த சேர்ட்டுக்கும் மாரி ஈரத்துக்கும் அது ஆளைக் கொல்லப் போதும். பழைய கொயில் மெஷின் ஏசி என்பதால் இன்னும் மோசம். பலர் நம்பியிருக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஹோல்டர் பக்கத்துக்கு உதவாது, ஏனென்றால் மெஷினுக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமர் இரண்டு பக்கத்தையும் பிரித்துவிடுகிறது, உங்கள் உடம்பால் போகும் கரண்ட் ட்ரிப்புக்குத் தெரியவே தெரியாது. காய்ந்த தோல் கையுறை, காலுக்கடியில் காய்ந்த பலகை, ரொட்டை வெறுங்கையால் மாற்றாமை, இவைதான் பாதுகாப்பு. ஒரே இரும்புச் சட்டத்தில் இரண்டு பேர் இரண்டு மெஷினில் அடிக்கும்போது ஒருவர் மற்றவரின் ஹோல்டரைத் தொடக்கூடாது, இரண்டு வோல்ட்டும் கூடிவிடலாம்.

கண்ணுக்கு 10 அல்லது 11ஆம் இலக்கக் கண்ணாடி. இரவில் கண்ணில் மண் கொட்டியது மாதிரி இருந்தால் குளிர்ந்த துணி, பிறகு ஆஸ்பத்திரி. தாய்ப்பாலும் உருளைக்கிழங்கும் வேண்டாம். ஜீஐ பைப்பின் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பின்) வெள்ளைப் புகை அன்று மாலையே காய்ச்சலும் நடுக்கமும் தரும், பால் குடித்தால் தடுக்காது, பூச்சை உரசி எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். டீசல் பீப்பாவை, காலியாக இருந்தாலும், ஒட்டாதீர்கள்.

கச்சான் காற்றில் பொறி பத்து மீற்றர் போய் விழும், கிடுகு வேலி அதற்காகவே காத்துக்கொண்டிருக்கும். தொடங்குமுன் வேலியை நனைத்துவிடுங்கள், மெஷின் நிற்கும் பக்கம் நனையாமல். முடிந்த பிறகு அரை மணித்தியாலம் அங்கேயே இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வேலியின் அடிப்பக்கத்தையும் குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.