பிக் அறிக்கையை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

எண்ணெய், எரிவாயுக் குழாய்க்குள் ஸ்மார்ட் பிக் (உள்ளே ஓடியபடியே குழாய்ச் சுவரின் பழுதுகளை அளக்கும் கருவி) ஓடி முடித்ததும் நம் கைக்கு வருவது பைப் டாலி எனும் நீண்ட அட்டவணை. ஓடோமீட்டர் தூரம் (பிக்கின் சக்கரம் உருண்டு அளந்தது), ஜாயின்ட் (இரண்டு வெல்டுகளுக்கு இடைப்பட்ட ஒரு குழாய்த் துண்டு) எண், ஜாயின்ட் நீளம், உலோக இழப்பின் ஆழம், கடிகார நிலை எல்லாம் அதில் இருக்கும். 12 மணி என்றால் குழாயின் உச்சி, 6 மணி என்றால் அடி. எக்செல் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஓடோமீட்டர் தூரத்தை அப்படியே வரைபடக் கோட்டில் அளந்து புள்ளி வைக்காதீர்கள். சக்கரம் மெழுகிலும் பிசுக்கிலும் வழுக்கும். தவிர, பிக் மேடு பள்ளத்தோடு சேர்த்து அளக்கிறது. வரைபடமோ தட்டையான நீளத்தைக் காட்டுகிறது. ஒரு ஜாயின்ட் ஏறத்தாழ 12 மீட்டர்தான். அந்த அளவு பிசகினாலே வேறு ஜாயின்ட்டைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

படி 1: முந்தைய பிக் ஓட்டத்தின் டாலியையும் புதியதையும் பொருத்துதல். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஜாயின்ட் எண்ணை வைத்துப் பொருத்தக் கூடாது. இடையில் ஒரு துண்டை வெட்டி மாற்றியிருந்தால் அதற்குப் பிறகு எல்லா எண்களும் நகர்ந்துவிடும். நீளங்களின் வரிசையைப் பாருங்கள்: 11.82, 12.04, 3.15, 11.97... இந்த வரிசை கைரேகை மாதிரி. குட்டைத் துண்டுகளையும் வால்வுகளையும் முதலில் இணைத்துவிட்டு, இரண்டு நீளப் பத்திகளின் வித்தியாசத்தை மூன்றாம் பத்தியில் போடுங்கள். வித்தியாசம் தொடர்ந்து பெரிதாக வரத் தொடங்கும் வரிதான் பழுதுபார்த்த இடம். அங்கே வெற்று வரி செருகிச் சரிசெய்யுங்கள். இதற்கென்று விலையுயர்ந்த மென்பொருள்கள் உண்டு. 50 கிலோமீட்டர் குழாய்க்கு எக்செல்லே போதும் என்பது என் கட்சி.

படி 2: நீட்டிச் சுருக்குதல். வால்வு, தரைமேல் குறிக்கருவி (பிக் கடந்துபோவதைத் தரைக்கு மேலிருந்து பதிவுசெய்வது) ஆகியவற்றின் ஜிபிஎஸ் இடங்கள் தெரியும். இரண்டு குறிகளுக்கிடையே ஓடோமீட்டர் 2,012 மீட்டரும் வரைபடம் 2,000 மீட்டரும் காட்டினால், முதல் குறியிலிருந்து 503 மீட்டரில் உள்ள பழுது வரைபடத்தில் 500 மீட்டரில் விழும்.

படி 3: கியூஜிஐஎஸ் எனும் வரைபட மென்பொருள். இலவசம், நம்பகமானது. 'லைன் இன்டர்போலேட் பாயின்ட்' என்ற எக்ஸ்பிரஷனில் அந்தத் தூரத்தைக் கொடுத்தால் புள்ளி கிடைக்கும். தோண்டும் குழுவுக்கு இந்தப் புள்ளியோடு, மேல்நீரோட்ட வெல்டிலிருந்து (ஓட்டம் வரும் பக்கத்துப் பற்றவைப்பிலிருந்து) பழுது எத்தனை மீட்டர் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அதைத் திருத்தாத ஓடோமீட்டர் கணக்கிலேயே கொடுக்க வேண்டும்.

தோண்டிய குழியில் சுவர்த் தடிமனையும் குழாய் வகையையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். 2010இல் கலிபோர்னியாவின் சான் புரூனோவில் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தனர். தையலற்ற குழாய் என்று ஆவணத்தில் இருந்த இடத்தில், உண்மையில் நீளவாக்கில் பற்றவைத்த குழாய் இருந்தது.

படி 4: வளர்ச்சி. பழுதின் ஆழம் முன்பு சுவர்த் தடிமனில் 22 சதவீதம், இப்போது 28 என்றால் அரிப்பு வளர்ந்துவிட்டது என்று உடனே எழுதாதீர்கள். காந்தப்புலத்தால் உலோக இழப்பை அளக்கும் பிக்கின் ஆழ அளவீட்டில் சுவர்த் தடிமனில் 10 சதவீதம் கூடக்குறைய இருப்பது வழக்கம்.

பின்னர் சேர்த்தது: படி 3இல் புள்ளியே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். காரணம், அவர்களின் கோடு மீட்டரில் இல்லாமல் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகை அளவில் இருக்கிறது. அதை யுடிஎம்முக்கு (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் வரைபட முறை) மாற்றுங்கள். சென்னைக்கும் டெல்டாவுக்கும் மண்டலம் 44 வடக்கு, கோவைக்கு 43 வடக்கு. மண்டல எல்லையான 78 பாகை தீர்க்கரேகை கரூருக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. கொச்சி–கோவை–கரூர் போன்ற வழித்தடத்தை அங்கே இரண்டாக வெட்ட வேண்டாம். முழுவதையும் 43லேயே வைத்துக்கொள்ளலாம்.