ஹீட்சிங்க் ஸ்குரூ முறிந்துபோச்சா? லேப்டொப் கிராபிக்ஸ் சிப்பைக் கெடுக்காமல் எடுக்கும் விதம்

கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரத்தில் சில வருடம் ஓடிய லேப்டொப்பைத் திறந்தால், காற்றுப் போகும் வழியில் இருக்கும் ஸ்குரூத் தலைகளில் செம்பழுப்புப் பொடி படிந்திருக்கும். உப்புக்காற்றும் மார்கழி மழை ஈரமும் செய்கிற வேலை அது. போதாக்குறைக்கு, பூட்டியவர் நல்லா இறுக்கினால்தான் சூடு இறங்கும் என்று நினைத்து முறுக்கியிருப்பார். இரண்டும் சேர்ந்தால் 2 மில்லிமீற்றர் ஸ்குரூ தாங்காது.

ஸ்குரூ மலிவான சாமான். ஹீட்சிங்குக்கு (சிப்பின் சூட்டை இறக்கும் உலோகப் பாகம்) கீழே மூடியில்லாமல் கண்ணாடிபோல இருக்கும் சிலிக்கன் சிப்தான் பெறுமதியானது. அதன் மூலை ஒன்று சிதறினால் கார்ட் செத்தது. கீழே சொல்லும் எல்லாமே அந்த மூலையைக் காப்பாற்றத்தான்.

தொடங்க முன்

சார்ஜரைக் கழற்றுங்கள், பின்மூடியைத் திறந்து பற்றரி இணைப்பையும் பிடுங்குங்கள். பவர் பட்டனை 15 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். மேலே சுழலும் மின்விசிறியை நிற்பாட்டுங்கள். அரம் போடும்போது வரும் இரும்புத்தூளை அது போர்ட் (மதர்போர்ட்) முழுக்கப் பரப்பிவிடும். தேவையானவை: பீஎச்0, பீஎச்1 அளவு கூட்டல்குறி டிரைவர் நுனிகள், ஊசிமூக்குக் குறடு, சிறிய அரம், சோல்டரிங் அயன், சூடு தாங்கும் மஞ்சள் டேப், பூதக்கண்ணாடி, ஐசோபுரொப்பைல் அல்கஹோல், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் புதிய பேஸ்ட்.

தலை மட்டும் வழுக்கினால்

இது இன்னும் முறிவு இல்லை. முறிவுக்கு முந்தின கட்டம். பெரும்பாலும் தப்பான நுனியைப் போட்டதால் வருவது. நுனி குழிக்குள் ஆடாமல் நிற்க வேண்டும். பீஎச்0 ஆடினால் பீஎச்1 போட்டுப் பாருங்கள்.

ஹீட்சிங்க் ஸ்குரூவில் ஸ்பிரிங் உண்டு. அது தலையை எப்போதும் மேலே தள்ளி, மரையை மரையோடு இறுக்கி வைத்திருக்கும். அதனால் டிரைவரை நேராக நிறுத்தி, உள்ளங்கையால் கீழே அழுத்திக்கொண்டே திருப்பினால் இரண்டு நன்மை: நுனி வழுக்காது, மரையிலுள்ள இறுக்கமும் குறையும். முக்கால்வாசி ஸ்குரூ இதற்கே இளகும். இளகாவிட்டால் அகலமான இறப்பர் பான்டில் ஒரு துண்டைத் தலைக்கும் நுனிக்கும் இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். நுனியைச் சுப்பர் குளூவால் ஒட்டித் திருப்பும் வித்தையை இங்கே செய்ய வேண்டாம். ஒரு துளி ஸ்பிரிங்குக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம்.

தலை பறந்துவிட்டால்

ஸ்பிரிங்கும் கூடவே பறக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். அந்த மூலையில் அழுத்தம் இல்லாமற்போவதால் ஹீட்சிங்க் சாய்ந்து, எதிர்மூலையில் சிப்பை நெரிக்கும். முறிந்த துண்டை உடனே நோண்டத் தொடங்காதீர்கள். மற்ற மூன்று ஸ்குரூவையும் ஒவ்வொன்றாக அரைச் சுற்று, அரைச் சுற்றாக இளக்குங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போவதுதான் இரண்டாவது ஸ்குரூவும் முறியக் காரணம்.

பழைய பேஸ்ட் காய்ந்து ஹீட்சிங்க் ஒட்டியிருந்தால் நெம்ப வேண்டாம். ஹெயார் ட்ரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டி, இடம் வலமாக மெல்ல அசைத்துத் தூக்குங்கள். மெமரி சிப்களின் மேலுள்ள சாம்பல்நிற பாட்கள் (சூடு கடத்தும் மெல்லிய மெத்தைகள்) கிழியாமல் வந்தால் அதிர்ஷ்டம்.

இனிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஸ்குரூ இறங்கும் பித்தளைக் குழலின் வாய்க்கு மேலே 2, 3 மில்லிமீற்றர் துண்டு நிற்கும். சிப்பையும் சுற்றியுள்ள பாகங்களையும் மஞ்சள் டேப்பால் மூடுங்கள். துண்டின் அடியில் ஊசிமுனையால் ஒரே ஒரு துளி டபிள்யூடி-40 வைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். ஸ்பிரே பண்ணவே கூடாது. வழிந்ததைப் பஞ்சால் நன்றாகத் துடைத்த பிறகு, 350 பாகையில் அயன் நுனியைத் துண்டின் தலையில் மட்டும் 10 செக்கன் வையுங்கள். கம்பனியில் மரையில் பூசும் நீலப் பசை சூட்டுக்கு இளகும். அதற்கு மேல் வைத்தால், குழல் போர்ட்டில் ஈயத்தால் பிடிக்கப்பட்டிருந்தால் அதுவும் கழன்று வரும். ஆறமுன் குறடால் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். குறடு வழுக்கினால் துண்டின் இரு பக்கத்தையும் அரத்தால் தட்டையாக்கிப் பிடியுங்கள்.

வாய்மட்டத்தோடு முறிந்திருந்தால்

இதுதான் பொல்லாதது. முதலில் போர்ட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பல லேப்டொப்களில் குழல்கள் பின்னாலுள்ள உலோகத் தகட்டோடு சேர்ந்திருக்கும். கழற்றி மாற்றக்கூடிய எம்எக்ஸ்எம் வகைக் கிராபிக்ஸ் கார்ட் என்றால் பெரும்பாலும் இப்படித்தான். பசையால் ஒட்டிய தகட்டை மெல்லிய சூட்டில், பிளாஸ்டிக் அட்டையால் கழற்றலாம். தகடு தனியே கைக்கு வந்துவிட்டால் பயம் போய்விட்டது: போர்ட்டுக்குப் பக்கத்தில் துளையிடவே தேவையில்லை.

தகட்டை வைஸில் பிடித்து, தட்டார் பாவிக்கும் மெல்லிய வாள் அலகால் துண்டின் முகத்தில் ஒரு கோடு வெட்டுங்கள். அந்த அலகு கால் மில்லிமீற்றர் தடிப்புத்தான். குழல் வாயிலும் கொஞ்சம் வெட்டுப்படும், பரவாயில்லை. அந்தக் கோட்டில் சின்னத் தட்டை டிரைவரை வைத்துத் திருப்பினால் துண்டு வெளியே வரும். வராவிட்டால் நடுவில் புள்ளி குத்தி 1 மில்லிமீற்றர் ட்ரில், பிறகு 1.5. எம்2 ஸ்குரூவின் மரை அடிவிட்டமே கிட்டத்தட்ட 1.5தான், அதற்கு மேல் போனால் குழலின் மரையும் போகும். அப்படிப் போனால் 2.2 மில்லிமீற்றருக்கு முழுதாகத் துளைத்து, நீளமான எம்2 ஸ்குரூவுக்குப் பின்னால் நட் போடலாம். நட் பின்மூடியில் முட்டாமலும் போர்ட்டைத் தொடாமலும் இருக்க வேண்டும்.

குழல் போர்ட்டிலேயே பதிந்திருந்தால் துளையிடுவதை ஆரம்பத்தில் இருப்பவர்கள் தவிருங்கள். ட்ரில் ஒரு தடவை வழுக்கினால் பக்கத்திலுள்ள செப்புத் தடங்கள் அறுந்துவிடும். அதைக் கடையில் கொடுப்பதே மலிவு.

மாற்று ஸ்குரூ

செத்த போர்ட்களின் ஸ்குரூக்களைத் திருத்தும் கடைகளில் டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். முறியாத மற்றதில் ஒன்றைக் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். மரை விட்டம் 2ஆ 2.5ஆ, நீளம், ஸ்பிரிங்கின் தடிப்பு மூன்றும் ஒத்துவர வேண்டும். நீளம் கூடினால் ஸ்குரூ அடியில் முட்டி இறுகியதுபோலத் தெரியும், ஹீட்சிங்க் ஆடிக்கொண்டிருக்கும்.

திருப்பிப் பூட்டுதல்

இரும்புத்தூளைப் பஞ்சும் அல்கஹோலும் கொண்டு ஒற்றி எடுங்கள், ஊதாதீர்கள். பார்மசி ஸ்பிரிட்தான் இருக்கிறது என்றால் அதில் தண்ணீர் உண்டு, நன்றாகக் காயவிடுங்கள். கிழிந்த பாட்டுக்கு அதே தடிப்பில் போடுங்கள்: 1 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் சிப்பைத் தொடாமல் தூக்கி நிற்கும்.

பேஸ்ட் வைத்து நான்கையும் விரலால் பிடிக்குமட்டும் பூட்டி, பிறகு குறுக்காக, 1, 3, 2, 4 என்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஹீட்சிங்கில் இலக்கம் பொறித்திருந்தால் அந்த வரிசையே சரி. ஸ்குரூ தானாக முட்டி நின்றதும் கையை எடுங்கள். ஒரு தடவை திரும்பக் கழற்றிப் பேஸ்ட் பதிந்த அடையாளத்தைப் பாருங்கள். நான்கு மூலையிலும் பரவாவிட்டால் ஏதோ சாய்ந்திருக்கிறது.

மூன்று ஸ்குரூவோடு ஓட்டலாமா என்றால், டொக்கியுமென்ட் அடிக்க ஒரு சில நாள் சமாளிக்கலாம். கேம் மட்டும் வேண்டாம். அழுத்தமில்லாத மூலையில் சூடு ஏறும்.

கடைசியில் எச்டபிள்யூஇன்போ போன்ற, சிப்பின் சூட்டைக் காட்டும் மென்பொருளைத் திறந்துவைத்து 20 நிமிடம் கேம் ஓட்டிப் பாருங்கள். நம்மூர் அறை வெப்பத்தில் 75 முதல் 85 பாகை வரை வந்து நின்றால் சரி. தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள்ளேயே 90ஐத் தாண்டினால் நிற்பாட்டித் திரும்பத் திறவுங்கள். அனேகமாகப் பாட் தடிப்பு அல்லது ஸ்குரூ நீளம்.