விரல் நிரம்பாத வெண்கல வார்ப்பு: சரிசெய்த விதம்

பணி ஓய்வுக்குப் பின் சுவாமிமலை முறையில் (மெழுகில் சிலை செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் வெண்கலம் ஊற்றுவது) வார்க்கத் தொடங்கியபோது முதல் இரண்டு சிலைகளிலும் ஒரே குறை. கைவிரல்கள் பாதியில் நின்றன. முதுகெல்லாம் ஊசிக்குத்துத் துளைகள். உலோகம் போதவில்லை என்றே நினைத்தேன். ஆனால் உலோகம் ஓடும் வழிக்காக ஒட்டிய மெழுகுக் குழாய்களையும் சேர்த்து மெழுகை எடைபோட்டு, அதைப்போல் பத்து மடங்கு வெண்கலம் உருக்கியிருந்தேன். குறை மண் அச்சில்தான்.

விரல் நுனியில் சிக்கிய காற்றுக்குப் போக வழியில்லை. இப்போது விரல் நுனிகளிலிருந்து அச்சின் மேல்வாய் வரை பென்சில் கனத்தில் மெழுகுக் குச்சி ஒட்டிவிடுகிறேன். அது உருகி வடிந்தபின் விடும் துளை வழியே காற்று வெளியேறுகிறது.

துளைகளுக்குக் காரணம் ஈரமும் மிச்ச மெழுகும். காவிரி வண்டலோடு உமிக்கரியும் சாணமும் அரைத்துத் துணியில் வடிகட்டி, மெழுகுச் சிலைமேல் முதல் பூச்சை மெல்லியதாகப் பூசுங்கள். நிழலில்தான் காயவேண்டும், வெயிலில் மெழுகு இளகி முகம் கோணிவிடும். அடுத்த பூச்சுகளில் மணல் சேர்த்து, இரும்புக் கம்பி கட்டலாம். மெழுகு வடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அச்சின் வாய்க்குள் பார்த்தால் கருமை போய்ச் செந்தணல் நிறம் தெரியும்வரை வறட்டி நெருப்பிலேயே இருக்கட்டும். சூடு ஆறுமுன் குழியில் புதைத்து, ஒரே ஒழுக்காக ஊற்றவேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் மடிப்பு விழும்.

குழி மண்ணும் காய்ந்திருப்பது அவசியம். ஈரத்தில் பட்ட வெண்கலம் வெடித்துத் தெறிக்கும். மூசையை (வெண்கலம் உருக்கும் பாத்திரத்தை) தூக்க இரண்டு பேர் வேண்டும், வயதானவர்கள் தனியே முயலவே கூடாது.