இரு நாடுகளின் அரசுப் பதிவேடுகளை இணைப்பது எப்படி

இரு அரசுகள் தம் மின்னாளுகைச் சேவைகளை இணைக்க முற்படும்போது மென்பொருளில் தொடங்குவது வழக்கம். அது தவறான தொடக்கம். எல்லை தாண்டிச் செல்வோர் எந்த வேலைக்காக அலைகிறார்கள் என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையிலான கடலைக் கப்பலில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்பதால், பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையே போய்வருவோர் ஏராளம். அவர்களுக்கு மருந்து வேண்டியிருந்தது. பின்லாந்தின் மின்-மருந்துச்சீட்டுக்கு எஸ்டோனிய மருந்தகங்கள் மருந்து கொடுப்பது 2019 ஜனவரியில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதுவே முதல் முறை. எஸ்டோனியச் சீட்டு பின்லாந்தில் செல்லுபடியாக 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, இரு திசைகளும் ஒரே நாளில் திறக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது ஒப்பந்தம். எந்தத் தகவல், எந்த அலுவலகத்துக்கு, எந்த நோக்கத்துக்காகப் போகிறது என்பதை அதில் எழுதிவிட வேண்டும். இவ்விரு நாடுகளின் பிரதமர்கள் 2013-இல் செய்துகொண்ட உடன்பாடே மின் கையொப்பமிடப்பட்டதுதான். ஒருவர் கையொப்பத்தை மற்றவர் சட்டம் ஏற்காத நாடுகள், அந்த ஏற்பை முதலில் பெற வேண்டும்.

அதிக நேரம் விழுங்குவது அடையாள எண். இரு நாடுகளிலும் அது 11 இடங்கள் கொண்டது. ஆனால் 1980 மார்ச் 5 அன்று பிறந்த பெண்ணின் எண் பின்லாந்தில் 050380- என்றும், எஸ்டோனியாவில் 4800305 என்றும் தொடங்கும். ஒன்றில் நாள் முன்னே வருகிறது, மற்றதில் ஆண்டு. நூற்றாண்டைப் பின்லாந்தில் நடுவிலுள்ள குறி காட்ட, எஸ்டோனியாவில் முதல் இலக்கம் பாலினத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. ஒருவருக்கே இரண்டு எண்களும் இருக்கக்கூடும் என்பதால், பெயரையும் பிறந்த நாளையும் ஒப்பிட்டு ஊகிக்காமல், சரிபார்த்த ஆவணத்தைக் கொண்டே அவற்றைப் பொருத்த வேண்டும். மருந்துக்கும் இதே சிக்கல் உண்டு: வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறுவதால், மூலப்பொருளையும் மருந்துகளை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏடிசி குறியீட்டையும் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

தகவல் செல்லும் வழி இதற்குப் பிறகுதான். எல்லாவற்றுக்கும் ஒரே வழி இருக்க வேண்டியதில்லை. மருந்துச்சீட்டுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுகாதார வலையமைப்பில், நாட்டுக்கு ஒன்றாக உள்ள தொடர்பு மையங்கள் வழியே செல்கின்றன. மற்றப் பதிவேடுகளுக்கு, எஸ்டோனியா 2001-இல் தொடங்கிய எக்ஸ்-ரோடு என்னும் தரவுப் பரிமாற்றத் தளம் உண்டு; அதன் மூலநிரல் இன்று எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்திருக்கிறது. பொதுத் தரவுக் கிடங்கு ஒன்றைக் கட்டிவிடாதீர்கள். எக்ஸ்-ரோட்டில் தகவல் ஓர் அலுவலகத்தின் பாதுகாப்புச் சேவையகத்திலிருந்து மற்றதற்கு நேராக, மறையாக்கம் செய்யப்பட்டு, கையொப்பத்துடனும் நேர முத்திரையுடனும் செல்கிறது. 2018-இல் இரு நாட்டுத் தளங்களும் இணைக்கப்பட்டன. ஆயினும் அந்த இணைப்பு எவருக்கும் எதையும் பார்க்கும் உரிமையைத் தானாகத் தருவதில்லை, ஒவ்வொரு சேவைக்கும் பதிவேட்டின் உரிமையாளரே அனுமதி வழங்க வேண்டும்.

திறப்பதற்கு முன் மருந்தகத்தில் நின்று பாருங்கள். பின்லாந்துக்காரர் தம் தகவலை வெளிநாட்டுக்குத் தர முன்னரே இசைவு தெரிவித்தாரா, முழு விலையையும் கட்டிவிட்டு ஊர் திரும்பிய பின் கேலா என்னும் சமூகக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஈட்டுத்தொகை கோர வேண்டும் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

பராமரிப்பை எவர் தலையில் கட்டுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எஸ்டோனியாவும் பின்லாந்தும் 2017-இல் எக்ஸ்-ரோட்டைப் பராமரிப்பதற்கென நிஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தாலினில் அமைத்தன. ஐஸ்லாந்து 2021-இல் உறுப்பினரானது. நிரலை நிஸ் கவனித்துக்கொண்டாலும், சேவையகச் சான்றிதழ் காலாவதியாகும் நாளைக் குறித்துவைத்துப் புதுப்பிப்பது அந்தந்த நாட்டின் வேலை; அந்தப் பொறுப்பை இரு பக்கமும் ஓர் அலுவலகத்தின் பெயரில் ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே எழுதிவையுங்கள்.