தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள்: சென்னையில் கலை பார்க்க வருபவர்கள் செய்யும் தவறுகள்

மார்கழி பிறந்ததும், சென்னையின் சபாக்களில், அதாவது இசை மன்றங்களில், கச்சேரி சீசன் களைகட்டும்போது வெளியூர் நண்பர்களிடமிருந்து போன் வரும். “இரண்டு நாள் சென்னையில் இருக்கிறேன். யார் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கட்டும்?” கேள்வியிலேயே பாதித் தவறு இருக்கிறது. பெரிய வித்வான், பெரிய சபா, மாலை ஆறு மணி என்று மனதுக்குள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள். சீசன் டிக்கெட்காரர்கள் போக மிஞ்சியதுதான் கவுன்டருக்கு வரும். அதற்கு விடியற்காலையில் வரிசையில் நின்று, மாடியின் கடைசி வரிசையில் இடம்பிடித்து, வித்வானைக் கட்டைவிரல் அளவில் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள்.

அதே சபாவின் கதவு பகலிலும் திறந்துதான் இருக்கிறது. நண்பகலிலும் இரண்டு மணி வாக்கிலும் இளையவர்கள் பாடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் காசு கிடையாது. அரங்கில் நாற்பது பேர் இருந்தால் அதிகம், ஆகவே முதல் வரிசையிலேயே உட்காரலாம். பாடகி ஒரு சங்கதியை, அதாவது வரியின் புது வளைவு ஒன்றை, பிடித்ததும் வயலின்காரர் அதைத் தொடர்ந்து போவதும், தவறவிட்டால் சிரித்துக்கொள்வதும் அங்கிருந்துதான் தெரியும். மியூசிக் அகாடமியில் சீசன் நாட்களின் காலையில் ராகம், தாளம், சாகித்தியம் பற்றிப் பாடியும் வாசித்தும் காட்டிப் பேசுவார்கள். 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த அமைப்பு அது. கச்சேரியைக் காட்டிலும் இந்தக் காலைப் பேச்சுகளே அதன் பழைய முகம் என்பது என் கட்சி.

அடுத்தது, நானே பல வருடம் செய்த தவறு. கச்சேரியின் பிரதான பாட்டு முடியும் கட்டத்தில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம், அதாவது தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதியைத் தொடங்குவார். உடனே பாதி அரங்கு எழுந்து கேன்டீன் பக்கம் நடக்கும். ஒரு முறை நானும் எழுந்தபோது பக்கத்து இருக்கைப் பெரியவர் என் முழங்கையைத் தொட்டு, “தம்பி, தோசை எங்கேயும் போகாது” என்றார். உட்கார்ந்தேன். மிருதங்கமும் கடமும் முதலில் நீள நீளமாக மாறி மாறி வாசிக்கின்றன. பிறகு குறைப்பு. எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) நான்காகிறது, நான்கு இரண்டாகிறது, கடைசியில் ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் பதில். அங்கிருந்து இரண்டும் சேர்ந்து ஒரே ஓட்டமாகக் கோர்வை என்னும் முடிவுக் கட்டத்துக்குள் பாய்கின்றன. பாடகர் அதுவரை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, சரியான இடத்தில் பாட்டின் வரியைப் பிடிக்கக் காத்திருக்கிறார். கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கம் போனால், மிருதங்கக்காரர் தொப்பி என்னும் இடது முகத்தில் ஒட்டியிருக்கும் ரவைப் பசையைச் சுரண்டி எடுப்பதைப் பார்க்கலாம். இடது பக்கத்தின் அந்தக் கனத்த நாதம் ஒரு பிடி ரவையிலிருந்து வந்தது.

கேன்டீனையும் விட்டுவிட வேண்டாம். இலை போட்டுச் சாப்பிடும் இடத்தில் நடக்கும் விமர்சனம் மறுநாள் பத்திரிகையில் வருவதைவிடக் காரமாக இருக்கும்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு. அன்றுதான் அதற்கு வார விடுமுறை. அதைவிடப் பெரிய தவறு, 1851இல் தொடங்கிய அந்த வளாகம் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்ப்பது. டைனோசர் பொம்மை, திமிங்கல எலும்பு, அமராவதிச் சலவைக்கல் எல்லாவற்றையும் சுற்றிக் களைத்துப்போய், வெண்கலக் கூடத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் அங்கே போய் இரண்டே இரண்டு சிலைகளுக்கு முன்னால் நில்லுங்கள். ஒன்று, திருவெண்காட்டு அர்த்தநாரி. கைகளை எண்ணினால் மூன்று வரும். சிவன் பாதிக்கு இரண்டு, உமை பாதிக்கு ஒன்று. வலப்பக்கம் நேராக இறங்கும் இடை, இடப்பக்கம் வந்ததும் வளைகிறது. இரண்டும் எங்கே சேர்கின்றன என்று கண்ணால் கோடு போட்டுப் பாருங்கள். அகப்படாது. மற்றது திருவாலங்காட்டு நடராசர். சுற்றி நிற்கும் தீ வளையமான திருவாசி இல்லை, பறக்கும் சடை இல்லை. அதனாலேயே உடம்பின் நிலை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதின் இந்தச் சிலையைப் பற்றி உருகி எழுதினார். அவர் பார்த்தது புகைப்படங்களை மட்டும். நமக்கோ அசலே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நாம் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருவோம். கலாக்ஷேத்ரா, சோழமண்டலம், தட்சிணசித்ரா, மாமல்லபுரம் நான்கையும் ஒரே நாளில் அடைத்துத் திட்டம் போடுவது வாடகைக் காருக்கு மட்டும் லாபம். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா இன்றும் மாணவர்கள் தங்கி நடனமும் இசையும் படிக்கும் இடம். வகுப்பு நடக்கும் நாளில் காலையில் போனால்தான் நடன ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியின் சத்தம் மரங்களுக்கு இடையில் கேட்கும். தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்தைக் கடை என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைபவர்கள் அதிகம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்த ஓவியர்களும், மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் மணல்வெளியை வாங்கிக் குடியேறிய கிராமம் அது. முதலில் அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பாருங்கள். தென்னிந்திய ஓவியம் ஐரோப்பாவைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு எழுத்து, யந்திரச் சக்கரம், கோயில் உலோகவேலை என்று தன் சரக்கைத் தேடிய கதை அந்தச் சுவர்களில் இருக்கிறது.

கலை மயிலாப்பூரோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் உள்ளூர்க்காரர்களுக்கும் உண்டு. பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா இதே டிசம்பரில்தான் நடக்கிறது. தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக, சில்லறைப் பாட்டாக ஒதுக்கப்பட்ட காலத்தில், அதை எதிர்த்து 1943இல் எழுந்த சங்கம். பொங்கலை ஒட்டிப் பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கும் சென்னை சங்கமத்தில் பறை, கரகம், ஒயில் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கலாம்.

கண்ணகி நகரில் 2020இல் குடியிருப்புச் சுவர்கள் முழுக்க வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் வாழும் இடம் அது. சுவரைப் படம் எடுங்கள். திறந்திருக்கும் வாசலையும் துணி காயவைக்கும் பெண்ணையும் கேட்காமல் எடுக்காதீர்கள். அங்கேயே ஒரு டீ குடித்தால் சுவரில் சிரிக்கும் முகம் யாருடையது என்று யாராவது சொல்லக்கூடும்.

கடைசியாகத் தெருக்கூத்து. நகர மேடையில் முக்கால் மணி நேரத் துண்டைப் பார்த்துவிட்டு “இவ்வளவுதானா?” என்று கேட்பது, பந்தியில் ஊறுகாயை மட்டும் நக்கிவிட்டு எழுந்ததற்குச் சமம். பங்குனியிலிருந்து ஆடி வரை செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். சென்னையிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரம். கோமாளியான கட்டியங்காரன் வந்து வம்பளப்பான், திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் பாடுவான், அவன் முகம் தெரியவே நெடுநேரம் ஆகும். தரையில் விரிக்க ஒரு பாய் எடுத்துப் போங்கள். நாற்காலி போட மாட்டார்கள்.