மலையடி கொல்லைக்கு மினி டிராக்டர்: ஹெச்பி மட்டும் கேட்டு வாங்கிடாதீங்க

எங்க கொல்லை ஒடுகத்தூர்லருந்து ஜவ்வாது மலைய பாத்து போற பக்கம், மூணு ஏக்கர் மாமரம், ஓரமா புளி, மேல போகப்போக சரிவு, அதுக்கப்புறம் காடுதான். முதல்ல மாமா பேச்ச கேட்டு செகண்ட்ஸ்ல 45 ஹெச்பி வண்டி ஒண்ணு வாங்கினேன். "பெரிய வண்டின்னா எங்க வேணா ஏறும் மாப்ள"ன்னாரு. ஏறிச்சு, அதுல பொய் இல்ல. இறங்கறப்பதான் கத தெரிஞ்சுது.

வைகாசில ஒரு ராத்திரி மழை, காலைல டிரெய்லர்ல மாங்கா லோடு ஏத்திக்கினு இறங்கறேன், மரத்தடியில ஊறிக் கெடந்த எலை மேல டயர் வந்ததும் வண்டி லேசா வழுக்குது, நான் பதறி பிரேக்க மிதிச்சேன், பின் சக்கரம் ரெண்டும் சுத்தாம நின்னுடுச்சு ஆனா வண்டி நிக்கல, பின்னாடி டிரெய்லர் வேற தள்ளிக்கினே வருது, கடைசில புளியமரத்துல சைடா முட்டி நின்னேன். நாலு கூடை மாங்கா நசுங்கிச்சு, நான் தப்பிச்சேன்.

ஏன்னா சாதாரண டூ வீல் டிரைவ் டிராக்டர்ல பிரேக்கு பின் சக்கரத்துக்கு மட்டும்தான். இறக்கத்துல வெயிட்டு முன்னாடி போயிடும், பின் டயருக்கு பிடிப்பு கொறையும், பிடிப்பே இல்லாத சக்கரத்த நிறுத்தி இன்னா பிரயோஜனம்? ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா அதுக்கான லீவர போட்டு லோ கியர்ல வந்தா முன் சக்கரமும் இஞ்சினோட சேந்துக்கும், நாலு சக்கரத்தையும் இஞ்சினே புடிச்சிக்கும். மலைக்கு ஃபோர் வீல் கேக்கறது ஏறதுக்குன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க, எனக்கு அது இறங்கறதுக்கு. இறங்கறதுக்கு முன்ன மேட்டுலயே லோ கியர போட்டுட்டு கெளம்புங்க, நடு இறக்கத்துல க்ளட்ச மிதிச்சா வண்டி நம்ம பேச்சு கேக்காது. ரெண்டு பின் சக்கரத்துக்கும் தனித்தனியா இருக்கற பிரேக் பெடல சேத்து பூட்டிடணும், ஒத்த பெடல் மிதிபட்டா ஒரு பக்கமா இழுத்துக்கும்.

இப்ப 24 ஹெச்பிலயே ஃபோர் வீல் மினி இருக்கு, குபோட்டா பி2441, மஹிந்திரா ஜிவோ 245 மாதிரி. மண்ண கெளறற ரோட்டவேட்டர் சுத்தறது பிடிஓ ஹெச்பில, அதாவது பின்னாடி கருவிய சுத்தற தண்டுக்கு வர்ற பவர்ல, அது இஞ்சின் ஹெச்பிய விட கம்மியாதான் இருக்கும், ரெண்டையும் கேட்டுக்கோங்க.

அடுத்தது அகலம். மரத்துக்கு நடுவுல பூந்து போகணும்னு ஒடுக்கமான வண்டியா தேடுவோம், ஆனா சரிவுல குறுக்க ஓட்டறப்ப ஒடுக்கமான வண்டிதான் சீக்கிரம் குடை சாயும், கீழ்ப்பக்க சக்கரம் ஒரு பள்ளத்துல எறங்கினாலோ மேல்ப்பக்க சக்கரம் ஒரு கல்லு மேல ஏறினாலோ போதும். நெறைய வண்டில பின் சக்கரத்த கழட்டி திருப்பி மாட்டினா அகலம் கூடும், டெலிவரி எடுக்கறப்பவே செஞ்சிக்கோங்க. மண்ணு அரிக்காம இருக்க சரிவுக்கு குறுக்க உழச் சொல்லுவாங்க, அது வாஸ்தவம், ஆனா லேசான சரிவுக்கு. செங்குத்தா இருக்கற எடத்துக்கு நான் டிராக்டரே ஏத்தறதில்ல, கையால புடிச்சி நடந்துக்கினே ஓட்டற பவர் வீடர்தான்.

தகர டாப்பு போட்டு வெச்சிக்கினு சேஃப்டின்னு சொல்றவங்கள பாத்திருக்கேன். அது வெயிலுக்கு. வண்டி கவுந்தா ஆள காப்பாத்தறது சீட்டுக்குப் பின்னாடி நிக்கற கெட்டி இரும்பு ஃப்ரேம், ரோப்ஸ்ம்பாங்க, அதுவும் பெல்ட் போட்டாதான். மாங்கெள தட்டுதுன்னு மடக்கற ஃப்ரேம மடக்கிட்டு அப்புறம் நிமித்த மறந்துடறோம், நானும்தான். மடக்கி வெச்சிருக்கறப்ப பெல்ட் போடக்கூடாது.

வேர்க்கட்டைய இழுக்கற ஆசை வரும், வேணாம். டாப் லிங்க்லயோ (பின்னாடி கருவி மாட்டற மேல் கம்பி) ஆக்சில்லயோ சங்கிலி கட்டி இழுத்தா முன்பக்கம் தூக்கி அப்படியே பின்னாடி ஆள் மேல விழும், குதிக்க நேரம் இருக்காது. எதையும் கீழ இருக்கற கொக்கிலதான் கட்டணும். மினி லேசான வண்டி, கட்ட புடுங்க ஜேசிபிக்கு ஒரு மணி நேர வாடகை குடுத்துடுங்க.

காஞ்ச சருகு ரேடியேட்டர் வலைய அடச்சா இஞ்சின் சூடாகும், தினமும் தட்டி விடுங்க.

டெமோவ ஷோரூம் வாசல்ல பாக்காதீங்க. நான் ரெண்டாவது வண்டி எடுக்கறப்ப கொல்லைக்கே கொண்டாரச் சொன்னேன். அவங்க டிரைவர் ஜோரா மேல ஏத்திக் காட்டிட்டு எறங்கி நின்னாரு. "இறக்கிக் காட்டுங்க சார்"ன்னேன். சரிவ ஒரு தரம் பாத்துட்டு போய் ஃபோர் வீல் லீவர போட்டுட்டு வந்தாரு.